நாலு தேசிக்காயும் ஒரு சூப்பர்சார்ஜரும்

என் மகள் கார் திருத்துபவள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பல வருடங்களாக இதை நான் ஒருவருக்கும் நேராகச் சொன்னதில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால் "வாகனத் துறையில இருக்கிறா" என்பேன். கேட்டவர் பொறியியலாளர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். நானும் திருத்தமாட்டேன். மகள் பக்கத்தில் நின்றால்தான் வில்லங்கம். "கார் மெக்கானிக் மாமா. உங்கடை கார் வரேக்கையே முனகிக்கொண்டு வந்தது, ஒருக்காக் கொண்டுவாங்கோ" என்று அந்த இடத்திலேயே என் மானத்தை வாங்கிவிடுவாள்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. மனைவி இறந்து நாலு வருடமாகிறது. அதற்குப் பிறகு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டுத் தலைநகரின் ஓரத்தில், புருசெத்தில், ஐந்தாம் மாடி வீட்டில் நானும் மகளும் மட்டும். கீழே தரிப்பிடத்தில் எங்கள் பெரிய எஸ்யூவி. ஏழு பேர் தாராளமாக இருக்கலாம். மனைவி இருந்த காலத்தில் அவளுடைய தம்பி குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கோடையில் கடற்கரைகளுக்குப் போவதற்காக வாங்கியது. இரண்டு பேருக்கு எதற்கு இந்த யானை, விற்றுவிடு என்று சொல்லாத ஆளில்லை. மகள் விடவில்லை. நானும் விற்க விரும்பவில்லை, ஆனால் பழியை அவள்மேல் போட்டுக்கொண்டேன்.

அந்தக் காரில் கம்பனியே பூட்டிவிட்ட சூப்பர்சார்ஜர் ஒன்று இருந்தது. எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, இன்னும் காற்றை உள்ளே அமுக்கித் திணிக்கிற கருவி அது. உள்ளே இரண்டு உருளைகள், முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி வளைந்தவை, ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் சுழலும். எங்களுடையது வயதாகிக் கடகடக்கத் தொடங்கியது. வேறு ஆளென்றால் அதே அளவில் இன்னொன்றைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். மகள் அதைவிடப் பெரியதாக, வெளிக் கம்பனி ஒன்று செய்ததை வரவழைத்தாள்.

"நாங்கள் என்ன ரேசுக்கோ போகப் போறம்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே கோயிலுக்கு ஒவ்வொரு முறையும் பிந்திப் போறனீங்கள்" என்றாள்.

உண்மைக் காரணம் வேறு. நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஸ்தவாங்கர் நகரில் பந்தயக் கார் கட்டுகிற பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலைக்கு ஆசை. அங்கே பொறுப்பாக இருந்தவர், சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கிறது, நீ தனியாகச் செய்த வேலை ஒன்றைக் கொண்டுவந்து காட்டு என்று சொல்லியிருந்தார். அவள் எங்கள் குடும்பக் காரையே காட்ட முடிவெடுத்தாள். இப்படி மாற்றிய காரை அனுமதிப் பத்திரம் வரும்வரை தெருவில் ஓட்ட முடியாது. அதற்கும் வழி பார்த்து, டிரெய்லரில் ஏற்றிப் போவதற்கு ஒரு திங்கட்கிழமை காலையை ஒழுங்கு செய்திருந்தாள்.

ஸ்தவாங்கர் என்ன சந்திரனிலா இருக்கிறது என்று மைத்துனர் என்னைக் கேட்டார். ஒருநாள் ஓட்டம்தான், எனக்கும் தெரியும். ஆனால் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே வெளிச்சம் இருக்காது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போகாமல் நின்றிருப்பாள் என்ற பயத்தில் சொல்லவில்லை என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கிலிருந்த தொழிற்பேட்டையில் மகளின் சிநேகிதி ஒருத்தி வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகையில் வேலை நடந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனி, ஞாயிறுகளில் நானும் போனேன். எனக்குத் தரப்பட்ட உத்தியோகம் விளக்குப் பிடிப்பது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று பேச்சு வாங்கினேன். "அப்பா, வெளிச்சம் எனக்கு வேணும், கூரைக்கில்லை." மத்தியானத்தில் இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவோம், கிறீஸ் மணக்கிற கையோடு. மனைவி போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கொட்டகையில்தான்.

அவளுடைய வேலையில் ஒரு முறை இருந்தது. எஞ்சினில் எந்த வாயைத் திறந்தாலும் உடனே ஒரு சிவப்புத் துணியால் அடைத்துவிடுவாள். பழைய சூப்பர்சார்ஜரைத் தூக்கியதும் கீழே எட்டுத் துவாரங்கள் தெரிந்தன. எட்டுத் துணி. ஒரு சின்ன ஆணி உள்ளே விழுந்தாலும் எஞ்சின் போச்சாம். மூடும்போது ஒவ்வொரு துணியாக எடுத்து, எண்ணி, வாளியில் போடுவாள். கணக்குச் சரிவராமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டாள். ஊரில் ஆனையிறவு ஆமிச் சோதனையில் நின்றபோதுகூட என்னை இவ்வளவு நுணுக்கமாக யாரும் பார்த்ததில்லை என்று நக்கல் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஞாயிறு வந்தது. பெரிய சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு மேலே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. புதிய பெல்ட் பூட்டியாயிற்று, தண்ணீர் விட்டாயிற்று, மடிக்கணினியால் காருக்குப் புதிய கணக்கெல்லாம் ஏற்றியாயிற்று. சக்கரங்கள் நிலத்தில். நான் நாலு தேசிக்காயைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, கற்பூரத்தையும் தயாராக வைத்திருந்தேன். புதுக் காரென்றாலும் பெரிய திருத்தம் செய்த காரென்றாலும் நல்ல நேரம் பார்த்து, தேசிக்காயை நசித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம். அவள் இருந்தபோது அதைக் கேலி செய்தவன் நான். அவள் போனபின் ஒன்றையும் தவறவிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத் தொடங்குகிறது. "அது ஊர் நேரம் அப்பா. இஞ்சை ராகு எப்ப எழும்புறார் எண்டு ஆர் கண்டது?" என்று மகள் கேட்டாள். ஆனாலும் நாலரைக்கு முதல் முடிக்கிறேன் என்று வாக்குத் தந்திருந்தாள்.

நாலு பத்துக்கு ஒரு சிக்கல். காற்று வருகிற குழாயைச் சூப்பர்சார்ஜரின் வாயோடு இறுக்குகிற வளையம் சின்னதாகிவிட்டது. அவள் வேலை செய்கிற கராஜ் பக்கத்திலேதான் இருந்தது. "எடுத்துக்கொண்டு ஓடியாறன்" என்று மேலங்கியைப் போட்டாள். வெளியே போய், உருட்டுக் கதவைக் கீழே இழுத்துக்கொண்டே சொன்னாள், "அப்பா, திறப்பைத் தொடாதேங்கோ. நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுறது."

நாலு இருபது. நாலு இருபத்தைந்து. அவள் வரவில்லை. பனி பெய்துகொண்டிருந்தது. நாளைக்கு அவள் போகிற பயணம், அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய பயணம், ராகு காலத்தில் தொடங்கப் போகிறது. மனைவி இருந்திருந்தால் விட்டிருப்பாளா? எஞ்சினை இயக்கிவிட்டு நிறுத்தினால் போதும், தொடக்கம் நல்ல நேரத்தில் அமைந்துவிடும் என்று நினைத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தினேன். ஏறி உட்கார்ந்து, சாவித் துவாரத்தில் இருந்த திறப்பைத் திருப்பினேன்.

எஞ்சின் பற்றியது, ஆனால் மூச்சு முட்டியதுபோல இழுபட்டது. நின்றுவிட்டால் அபசகுனம். ஆக்சிலேட்டரை அமுக்கினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு கிறீச்சென்று ஒரு அலறல், இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம், பெல்ட் அறுந்து முன்மூடியில் அடித்தது. எல்லாம் நின்றது.

அந்த அமைதியில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. முதலில் வந்தது, நாளைக்கு அவள் போகமாட்டாள் என்ற நினைப்பு. அதில் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது; இறங்கிப் போய்க் கற்பூரத்தை அணைத்தேன்.

மகள் வந்தாள். முன்மூடிக்குக் கீழே குனிந்து, சூப்பர்சார்ஜரின் வாய்க்குள் கையை விட்டு, சிவப்பு நூல்களை இழுத்து எடுத்தாள். குழாய் பூட்டாத வாயை அவள் தன் வழக்கப்படி துணியால் அடைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். நான் ஆக்சிலேட்டரை அமுக்க, அது உள்ளே இழுபட்டு உருளைகளுக்குள் போய்விட்டது. உருளைகள் உடைந்து, துகள்கள் எஞ்சினுக்குள். மூன்று மாத வேலை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கும் மூக்கு நுனியில்தான் கோபம், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். அவள் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தொடாதேங்கோ எண்டு சொன்னனான். கேக்கேல்லையோ அப்பா?"

"கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன். "கதவுச் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, விடுங்கோ. நான் கிட்ட வந்து சொல்லியிருக்க வேணும். என்ரை பிழைதான்" என்றாள்.

அடுத்த நாள் கையில் தான் செய்த வேலையின் படங்களோடு மட்டும் ரயிலில் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதத்துக்குப் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நான் உடைத்ததால் அவள் போகாமல் நிற்கவுமில்லை. கார் கொட்டகையில் போர்வைக்குக் கீழே கிடந்தது.

ஆனால் அவள் என்மேல் காட்டிய அன்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு இரண்டாம் நாளும் தொலைபேசி. எல்லாவற்றையும் உரத்து, ஆறுதலாக, இரண்டு தரம் சொல்வாள். "கேக்குதோ அப்பா? இன்னொருக்காச் சொல்லட்டோ?" இருபத்தாறு வருடம் பொதி பிரிக்கிற கிடங்கில் இயந்திர இரைச்சலுக்குள் நின்றதால்தான் என் காது பழுதாகிவிட்டது என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். இவ்வளவு நாளாகக் கவனிக்கவில்லையே என்று அவளுக்குக் குற்றவுணர்ச்சி வேறு. கிடங்கில் ஒருநாளும் காதடைப்பான் போடாமல் நின்றதில்லை என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. வசந்தத்தில் எனக்குக் கேள்திறன் பரிசோதனைக்கு நாள் எடுத்து, இரண்டு நாள் லீவு போட்டு, ஸ்தவாங்கரிலிருந்து வந்தாள். நான் முதல்நாளே மீன்குழம்பு வைத்திருந்தேன்.

நகரத்துக்குள் இருந்த ஒரு கிளினிக். சத்தம் புகாத சின்ன அறைக்குள் என்னை இருத்தி, காதுக்கு மேலே ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு வெளியே மகள், பரிசோதிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில்.

முதல் சத்தம் கேட்டது. அமுக்கவில்லை. அடுத்ததும் கேட்டது. அமுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் மகளின் முகம் வாடிக்கொண்டே வந்தது. அவளுடைய அம்மாவின் ஸ்கான் படங்களை வைத்தியர் திரையில் காட்டிய அன்று இருந்த அதே முகம். காதில் இல்லாத ஒரு வருத்தத்துக்காக என் பிள்ளை அங்கே அழத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அமுக்கத் தொடங்கினேன். எறும்பு நடக்கிற அளவு சத்தத்துக்கும் அமுக்கினேன். முதலில் வந்த பதில்கள் குழப்பமாக இருக்கின்றன என்று அந்தப் பெண் இன்னொரு தரம் ஆரம்பத்திலிருந்து வைத்தாள். அந்த முறை ஒன்றையும் விடவில்லை.

"உங்கள் வயதுக்கு மிக நல்ல காது" என்று அவள் தாளைக் காட்டினாள். மகள் சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

மெட்ரோ நிலையத்துக்கு நடந்தோம். மேடையில் நின்றுதான் சொன்னாள்.

"அப்ப, அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டது."

"ஓம்."

"நான் போகக்கூடாதெண்டோ செய்தனீங்கள்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். துணி இருந்தது தெரியாது, ராகு காலம் வந்துகொண்டிருந்தது, அம்மாவை நினைத்துச் செய்தேன். எல்லாமே உண்மை. ஆனால் ஏற்கெனவே ஒரு பொய்யைச் சொல்லி அவளுடைய மன்னிப்பை வாங்கியவன். அந்த ஒரு மூச்சு நேர நிம்மதி எனக்குத் தெரியும்.

"எனக்கே தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். புருசெத் பக்கம் போகிற வண்டி வந்தது. நான் ஏறினேன், அவள் ஏறவில்லை. "பின்னேர ரயில் ஒண்டு இருக்கு. நான் அதிலை போறன்" என்றாள். கதவு மூடியது.

இரண்டு நாளைக்கென்று வைத்த குழம்பை நான் தனியே நாலு நாள் சாப்பிட்டேன். அவள் பிறகு வரவில்லை.