வாழ்த்துரை கிடைக்காத வெள்ளிக்கிழமை

அந்த செமினார் ரூமின் குளிர்... இப்போது நினைத்தாலும் கைவிரல் விறைக்கிறது. ஏர்கோனை யாரும் குறைக்க மாட்டார்கள். ஒயிட்போர்டு மார்க்கர் வாசமும் யாரோ வாங்கி வந்த கறிபாப் பலகார வாசமும் கலந்து அடிக்கும்.

கோலாலம்பூரில் பொருளாதாரத்தில் பிஎச்டி செய்துகொண்டிருந்த காலம். வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருவர் தம் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். இன்னொரு மாணவர் அதை முன்கூட்டியே படித்து வந்து, எல்லார் முன்னாலும் அலச வேண்டும். அவருக்கு டிஸ்கஸ்ஸன்ட் என்று பெயர்.

என் முறைக்கு டிஸ்கஸ்ஸன்ட் சரளா என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கினேன். நாங்கள் இருவரும் ஈப்போ பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீடு. நம் ஆட்கள் மைக் பிடித்தால் வாழ்த்துரைதானே? இவளும் பொன்னாடை போர்த்தாத குறையாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவாள் என்று நினைத்தேன்.

என் ஆய்வு இதுதான். தோட்டங்கள் மூடப்படும் முன்பே டவுனுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், கடைசிவரை தங்கியவர்களின் பிள்ளைகளைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். புது டேட்டா, புது முறை... எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சரளா எழுந்தாள். பாராட்டு ஒரே வரி. அப்புறம் கேட்டாள்: டவுனுக்குப் போனதால் நன்றாக இருக்கிறார்களா, இல்லை நன்றாக வருவதற்கு ஏற்கெனவே வசதி இருந்தவர்கள்தான் முதலில் போனார்களா? இரண்டையும் எப்படிப் பிரித்தாய் என்றாள்.

நான் பிரிக்கவில்லை.

புரொபசர் பேனாவை எடுத்தார். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கும் வழக்கம்போல அவள் காரில்தான் ஊருக்குத் திரும்ப வேண்டும். பாதி வழி தாண்டியாயிற்று. அப்புறம் பொறுக்க முடியவில்லை.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்லா. அத்தனை பேரு முன்னாடியா?"

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"உங்கப்பாகிட்ட லோரி லைசென்ஸ் இருந்துச்சு, போனாரு. எங்கப்பாவுக்கு ஆஸ்துமா. யாரு வேலைக்கு எடுப்பா? உன் பேப்பரைப் படிச்சா, எங்கப்பா போகாததுதான் தப்புன்னு வருதுடி."

நாங்கள் டவுனுக்குப் போகும்வரை அவள் அப்பாவின் இருமல் சுவர் தாண்டிக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே ஹோம்வொர்க் செய்தவள் நான். அவர் ஏன் போகவில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்த அந்த ஒன்றை ஆய்வுக்குள் கொண்டுவர மட்டும் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் முழுசாகப் போகவில்லை... அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போவுக்குச் சற்று முன்னால் சிம்பாங் பூலாயில் இறங்கி தே தாரிக் டீ குடித்தோம். யார் ஏன் போனார்கள், ஏன் போகவில்லை என்று யாரையாவது கேட்டாயா என்றாள். இல்லை என்றேன்.

"அப்ப நாளைக்கு வீட்டுக்கு வா. எங்கப்பாகிட்டயே ஆரம்பி."

போனேன். அவர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார், நடுநடுவே சிரித்தார். பிறகு மற்ற வீடுகளுக்கும் போனேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது என் முடிவின் பளபளப்பு ரொம்பவே குறைந்துபோனது. ஆய்வு முடிய இன்னும் ஒரு வருஷம் இழுத்தது. ஆனால் அதற்கப்புறம் அதை எந்த ரூமிலும் பயமில்லாமல் பேச முடிந்தது.

இப்போது நானே லெக்சரர். செமினார் பாதிக்கு மேல் ஆன்லைன்தான். கேமராவை அடைத்துவிடுகிறார்கள், முகம் தெரிவதில்லை. பேசி முடித்ததும் கைதட்டுகிற படங்கள் பறக்கின்றன, நைஸ் பேப்பர் என்று நாலு பேர் தட்டிவிடுகிறார்கள். லேப்டாப்பை மூடினால் வீடு நிசப்தமாக இருக்கிறது. சரளா சிங்கப்பூரில் பேங்க் வேலையில் இருக்கிறாள். அவளுக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை.

யாரும் என்னை மடக்குவதில்லை... நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம்.

சண்டை போட்டுவிட்டு ஒரே காரில் வீடு திரும்ப எனக்கு இப்போது ஆளில்லை.