ஆலோசகரிடம் சொன்ன பொய்

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அந்த ஆலோசகர் மேசைக்குப் பின்னால் உட்காராமல், நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டுக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலைகளை மறித்த காலம் அது. மறியலில் இருந்த என் அண்ணனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவன் மலைமேல் கரியாலூரில் ஒளிந்திருந்தது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தலைப்பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேன். மாத்திரை கேட்டுப் போன என்னை டாக்டர் இவரிடம் அனுப்பியிருந்தார்.

இவர் மாத்திரையும் தரவில்லை, புத்தியும் சொல்லவில்லை. நான் சொன்னதையே மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அண்ணன் எங்கே என்று ஊரே கேட்டது. இவர் மட்டும் கேட்கவில்லை. கேட்காமலேயே வாயைப் பிடுங்கும் வித்தையோ? மூன்றாம் முறை போனபோது வேண்டுமென்றே சொன்னேன்: "அண்ணன் வடக்கனந்தல்ல, சித்தப்பா கரும்புக் கொல்லையில இருக்குது சார்."

பத்து நாள் சித்தப்பா வீட்டில் விசாரித்தபடி இருந்தேன். ஒரு போலீஸ்காரரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை போனபோது அவரிடமே சொல்லிவிட்டேன்: "நான் சொன்னது பொய் சார். நீங்க போலீசு ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவர் முகம் மாறவில்லை. "அவ்வளவு பயத்தோடதான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க," என்றார்.

அதன்பிறகு யாரிடமும் சொல்லாதது வாயில் வந்துவிட்டது. "நோவு எடுத்து வண்டியில வந்தப்ப ரோட்டுல புளியமரம் கெடந்துச்சி சார். ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னோம். அந்த மரத்த வெட்டுனவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தர்."

மன்னித்துவிடு என்பார் என்று காத்திருந்தேன். "அவர் மேல கோவமும் இருக்கு, அவர் மாட்டிக்கக் கூடாதுன்னும் இருக்கு," என்று மட்டும் சொன்னார். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் கரியாலூருக்கு பஸ் ஏறினேன். அந்த வண்டியில் நான் இருந்தது அண்ணனுக்குத் தெரியாது. சொன்னேன். "இன்னா சொல்ற நீ?" என்று கேட்டவன், மரவள்ளிக் கொல்லை வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை; அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அவனே இறங்கிவந்து ஸ்டேஷனுக்குப் போனான்.

என் அடுத்த பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அப்போது பிறந்த மகள் இன்று உளவியல் சொல்லித்தருகிறாள். எதிரே இருப்பவரை எடைபோடாமல், அவர் வழியை அவரே கண்டுகொள்வார் என்று நம்பிக் கேட்பதற்கு மனிதநேய அணுகுமுறை என்று பெயராம். அப்படிக் கேட்பவர்கள்மேல் இன்றும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். இதை அவளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கூட இருந்த அண்ணன் சிரிக்கவில்லை.

"அன்னிக்கி மலையில உங்கம்மா ஒண்ணும் பேசாம எம்பக்கத்துல குந்திகினு இருந்தாளே," என்று என் மகளைக் கேட்டான், "அதுவா?"