முதுகுத் தண்டு நீரும் மூன்று ரிப்போர்ட்டும்

முதுகில் ஊசி என்றாலே மனிதர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிர் எங்கள் ரிப்போர்ட் வரும்போது போகும். மரக்காணம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், முதுகுத் தண்டு நீரைச் சோதிக்கும் லேப் டெக்னீஷியன் நான். லேப் வாசல் பெஞ்சைத் தேய்த்துப் பழகிய உங்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

சர்க்கரை கம்மி!

உப்பளத்து மேஸ்திரி செல்வராஜுக்குக் காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி. மூளைக்காய்ச்சலோ என்று நீர் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டைப் போனில் பார்த்த அவர் தம்பி, "அண்ணனுக்குச் சர்க்கரை அறுபதுக்கு இறங்கிடுச்சு!" என்று பதறி, கடைக்கு ஓடி லட்டு வாங்கிவந்துவிட்டார். நர்ஸ் என்னைக் கூப்பிட்டபோது, படுத்திருந்த மனிதரின் வாயில் இரண்டாவது லட்டு போய்க்கொண்டிருந்தது.

"அது ரத்தத்துச் சர்க்கரை இல்லீங்க. முதுகுத் தண்ணியில எப்பவுமே ரத்தத்தைவிடக் கம்மியாத்தான் இருக்கும். அதுக்குத்தான் கூடவே ரத்தமும் எடுத்தோம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாச்சு, சரியா இருக்குது" என்றேன். தம்பி பெட்டியை மூடினார். செல்வராஜ் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நல்லவேளை, உப்பு கம்மின்னு வரல. அளத்துலேர்ந்து மூட்டையையே தூக்கினு வந்திருப்பான்."

மூணு குழாய்

கடலுக்குப் போன இடத்தில், படகிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் அமுதாவின் கணவர். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் மூளையில் ரத்தக் கசிவு இருக்குமோ என்று பார்க்க, டாக்டர் நீரை மூன்று குழாய்களில் பிடித்தார். முதல் குழாய் சிவப்பு. அதைப் பார்த்ததும் அமுதா வராண்டாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனால் இரண்டாவது குழாய் வெளிறியிருந்தது. மூன்றாவது குடிதண்ணீர் மாதிரி. மெஷினில் சுற்றிப் பார்த்தேன், மேலே நின்ற நீரில், ஏற்கெனவே கசிந்த ரத்தம் விட்டுப்போகும் மஞ்சள் துளியும் இல்லை.

"உள்ள கசிஞ்ச ரத்தம்னா மூணு குழாயும் ஒரே மாதிரி இருக்கும்மா. இது ஊசி பட்டு வந்த ரத்தம். பயப்படாத" என்றார் டாக்டர். அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் டாக்டர், அந்த மூணாவது குழாயை மொதல்ல எடுத்திருக்கக் கூடாதா?"

நார்மல் இல்லை

கூனிமேட்டுச் சிறுமி ஒருத்தி. காய்ச்சல், வாந்தி, கழுத்தை வளைக்க முடியவில்லை. அம்மா பாத்திமா தனியாக வந்திருந்தார். கணவர் துபாயிலிருந்து வீடியோ காலில். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இருக்கவே கூடாத அளவுக்கு வெள்ளை அணுக்கள். எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். சாயம் ஏற்றித் திரும்பத் திரும்பத் தேடினேன். பாக்டீரியா இல்லை. அணுக்களும் பெரும்பாலும் வைரஸுக்கு வருகிற வகை. சர்க்கரை சரி, புரதம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"ரிப்போர்ட் நார்மல் இல்லம்மா. ஆனா வைரஸ் மாதிரிதான் தெரியுது, பெரும்பாலும் தானா சரியாயிடும். கல்ச்சர் வர்ற வரைக்கும் இப்ப போடுற ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்த வேணாம்" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் வந்த கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. அதற்குள் சிறுமி எழுந்து உட்கார்ந்து பிரியாணி கேட்க ஆரம்பித்திருந்தாள். பாத்திமா லேப் வாசலுக்கே வந்தார்: "அல்ஹம்துலில்லாஹ்! நார்மல் இல்லைன்னு வந்த ரிப்போர்ட்டுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டவ நானாத்தான் இருப்பேன், மேடம்."

நீரைச் சோதித்து முடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் போதும். அதற்குள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்துவிடும் வியாதிகளுக்குத்தான் மருந்தே கிடையாது.