கமலாம்பிகையைப் பின்வரிசையிலை இருத்தினது

“தாலி அறுத்தவள் முன்னுக்கு நிக்கக்கூடாதெண்டால், வாற ராசாத்தியும் புருசன் செத்தவதானே அண்ணை? அவவையும் வாசலிலை மறிப்பியளோ?”

கமலாம்பிகை இப்பிடிக் கேக்க, சங்கத் தலைவர் இராஜரட்ணத்தின்ரை மூஞ்சி கறுத்துப்போச்சு.

“உது வேறை கதை. பூச்செண்டை என்ரை மருமோள் குடுப்பா” எண்டார்.

நானும் தாலி அறுத்தவள்தான். பக்கத்திலை நிண்டும் வாய் திறக்கேல்லை. எனக்கும் அவர் சொன்னது சரியெண்டுதான் பட்டது. மூதேவி நான்.

அந்த ராசாத்தி ஐரோப்பாவிலை ஏதோ சின்ன நாட்டு ராசகுடும்பத்து மனுசி. புருசன் செத்த பிறகு அரமனையிலை மூலைக்கை குந்தி இருக்கேல்லை. எழுத்துத் தெரியாத பொம்பிளையளுக்கு ஊர் ஊராய் வகுப்பு நடத்திறா. நாங்கள் இருக்கிற மல்வேர்ன் பக்கத்து வகுப்பும் அவவின்ரை காசிலைதான் ஓடினது. பதினொரு கிழவியள். லக்சிகா ரீச்சர் இங்கிலிஸ் படிப்பிச்சா. தொடர்ந்து நடக்கோணுமெண்டால் படிக்கிற ஒருத்தி நேரை கேக்கோணுமெண்டு ராசாத்தியின்ரை ஆக்களிட்டையிருந்து கடிதம் வந்தது. நாங்கள் கமலாம்பிகையைத்தான் பிடிச்சம்.

அவவுக்குத்தான் தேவை கூட. முந்தி அவவின்ரை மகன் மிதுனன் ஒரு கடதாசியை நீட்டி, “அம்மா, இதிலை சைன் வையுங்கோ” எண்டான். வைச்சா. மார்க்கத்திலை இருந்த அவவின்ரை வீடு கைவிட்டுப் போட்டுது. எழுபத்தொரு வயசிலை கொப்பியும் பென்சிலுமாய் வந்து, “இனி வாசிக்காமல் ஒண்டிலையும் கை வைக்கமாட்டன்” எண்டு இருந்தவ. ‘பிளீஸ் கீப் அவர் கிளாஸ்’, எங்கடை வகுப்பை நிப்பாட்டாதையுங்கோ எண்டதை ஒரு கிழமையாய் பஸ்ஸுக்கையும் சொல்லிக்கொண்டு திரிஞ்சா.

ராசாத்தி வந்தா. ஒல்லி மனுசி. எங்கடை கொப்பியளைப் பிரட்டிப் பாத்திட்டு, ஆர் படிக்கிறதெண்டு கேட்டா. இராஜரட்ணம் மருமோள் தனுஷிகாவை முன்னுக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பெட்டை வகுப்பைக் கண்ணாலையும் கண்டதில்லை. “எவ்ரிதிங் இஸ் கிரேட்” எண்டு சிரிச்சாள்.

பின்னுக்கு இருந்த கமலாம்பிகை எழும்பினா. நான்தான் சீலையைப் பிடிச்சு இழுத்து இருத்தினன்.

“விடடி!” எண்டா.

“பேசாமல் இரு, சனம் பாக்குது” எண்டன்.

பிறகு கடிதம் வந்தது. இஞ்சை எல்லாம் நல்லாய் நடக்குதாம், காசு இல்லாத வேறை இடத்துக்குக் குடுக்கினமாம். மார்கழி நத்தார்ப் பெருநாளோடை வகுப்பைப் பூட்டியாச்சு.

மாசியிலை கமலாம்பிகை ஐசிலை விழுந்து இடுப்பு முறிஞ்சு ஆசுபத்திரியிலை கிடந்தா. மிதுனன் கடதாசியோடை வந்தான்.

“என்ன எழுதிக் கிடக்கு?”

“சும்மா ஃபோம் அம்மா.”

கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு எழுத்துக் கூட்டினா. ‘நேம்’ வந்தது. ‘டேற்’ வந்தது. மிச்சம் வரேல்லை. என்னைப் பாத்தா. எனக்கு அதுவும் தெரியாது. வைச்சா கையெழுத்தை.

அந்தக் கையெழுத்தாலை இப்ப ரெண்டு மணித்தியாலம் காரிலை போற ஒரு முதியோர் இல்லத்திலை கிடக்கிறா. ஒரு தமிழ்க் குருவி இல்லை அங்கை. நான் ஒருக்காத்தான் போனனான். என்னோடை கதைக்கேல்லை.

அவ முந்தி இருந்த அறையை ஒழிச்சுத் துப்பரவாக்கேக்கை மிதுனன் ஆக்கள் எனக்கு ஒரு சப்பாத்துச் சோடி தந்தவை. ராசாத்திக்கு முன்னாலை நடந்துபோகச் சத்தம் கேக்கக்கூடாதெண்டு, என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தேடி எடுத்த கறுப்புச் சப்பாத்து. வரியோடை இருபத்திரண்டு டொலர் அறுபது சதம்.