சாமைச்சோறு தின்றுவிட்டு ஆடிய கும்மி

கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் கண்ணாயியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. மிளகுத் தோட்டத்தில் நின்றுகொண்டு அவள் புருஷனைக் கூப்பிட்டால், பக்கத்து ஊரில் நல்லுசாமி என்று பேர் வைத்த அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியொரு தொண்டை. அந்தத் தொண்டைக்காகவே மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கும்மிப் பாட்டு எடுக்கிற உரிமை, அவள் கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. தனியாக வருவானேன் என்று பிரஷரையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை கண்ணாயி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்னாசிக் காட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முந்தைய நோம்பியில், ஊரே கூடி நிற்கையில், கும்மி வட்டத்தின் நடுவில் பாட்டு பாதியில் நிற்க, வேரோடு சாய்ந்த வாழை மாதிரி விழுந்தாள். நல்லுசாமி அவளை ஜீப்பில் போட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். ஊசி போட்டதும் கண் விழித்தாள். ஆனால் அந்த ஜீப்பை விட்டு நல்லுசாமி இன்றுவரை இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை; ஆடினதால்தான் விழுந்தாள் என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. சொந்தபந்தம் அத்தனையும் வந்து பார்த்துவிட்டு ஒரே புத்தி சொல்லிவிட்டுப் போனது: அசையக் கூடாது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. இந்த மலையில் நோயாளியை வேலை செய்ய விட்டால், அந்த வீட்டை ஊர் சும்மா விடாது. சீக்காளியைப் போட்டு வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் பொண்ணு எடுக்க, கொடுக்க முடியாது. அதனால் மருமகள் ராஜேஸ்வரி அவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள், விளக்குமாற்றைப் பிடுங்கினாள், கடைசியில் முறத்தையும் பிடுங்கினாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாகிவிட்டது. எல்லாம் பாசம்தான். இந்தப் பாசத்தில் கண்ணாயிக்கு உடம்பு பெருத்தது, முட்டி பிடித்தது, சர்க்கரை இன்னும் ஏறியது. அடுத்து வந்த நோம்பிகளில் வேறொருத்தி கும்மிப் பாட்டு எடுத்தாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கண்ணாயிக்கு அந்தக் குரலைவிட அந்த நாற்காலிதான் அதிகமாக வலித்தது.

இந்த நிலையில்தான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்ற நர்ஸ் மலை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தாள். வீடு வீடாக மாத்திரை கொடுக்க வந்தவள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெண்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாள். "மாத்திரை பாதிதான் அக்கா. மீதி உங்க கால்ல இருக்கு. விடியக்காலம் எல்லாரும் சேர்ந்து கையை வீசி நடங்க, போதும்" என்றாள். கண்ணாயிக்கு நாற்காலியை விட்டு எழ ஒரு சாக்குக் கிடைத்ததே பெரிது. வீட்டில் யாரும் எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

ஸ்டெல்லாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மலையில் விடிகாலையில் யாரும் வெறுங்கையோடு நடப்பதில்லை. விறகோ புல்லுக்கட்டோ, ஒரு பையாவது கையில் இருக்கும். பெண்கள் கூட்டமாக, கையில் ஒன்றுமில்லாமல், பேசாமல் வேகமாகப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ எழவு விழுந்திருக்கிறது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பனியில் முன்னும் தெரியவில்லை, பின்னும் தெரியவில்லை. மூச்சு வாங்குகிற மும்முரத்தில் கண்ணாயியும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப் வந்தபோது, யார் செத்தது என்றுகூடக் கேட்காமல் ஒருத்தி ஒப்பாரியே வைத்துவிட்டாள். யாரோ நல்லுசாமிக்குப் போன் போட்டு, "முன்னால உன்ற பொண்டாட்டிதான் போறா, செத்தது ஆரு, உங்கூட்டுலயா?" என்று கேட்டிருக்கிறார்கள். பாதித் தூக்கத்தில் மனுஷன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார்.

அன்றோடு நடைக்கு முழுக்கு. ஊரில் வாங்கிய வசவுக்கு அளவில்லை. ஆனால் கண்ணாயிக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை. ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து, ஸ்டெல்லாவிடம் அந்த ஒப்பாரியை அப்படியே பாடிக் காட்டினாள். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன குரல்க்கா இது, வேற பாட்டு வராதா உங்களுக்கு?" என்றாள்.

வராதா என்று கேட்டால் கண்ணாயி சும்மா இருப்பாளா? முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு கும்மி எடுத்தாள். குனிந்து, தட்டி, சுற்றி, ஒரு வட்டம் வந்தாள். முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. திடீரென்று நின்றாள்.

"வேண்டாஞ் சிஸ்டர். இதை ஆடித்தான் நான் விழுந்தது."

"அன்னைக்கு என்ன சாப்பிட்டிருந்தீங்க?"

"நோம்பி அன்னிக்கு ஆரு சாப்புடுவா? கும்மிக்கு நிக்கறவ பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கோணும்."

"மாத்திரை?"

"அதை மட்டும் உடுவனா? காலைல எந்திரிச்சதும் தண்ணியில்லாமயே முழுங்கிப்போட்டேன்" என்றாள் கண்ணாயி, கொஞ்சம் பெருமையாகவே.

ஸ்டெல்லா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் அந்த மாத்திரையைப் போட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும், அந்த நிலையில் ஆடவும் செய்தால் விழாமல் என்ன செய்யும் என்று விளக்கினாள். "கும்மி உங்களை விழ வைக்கலக்கா. பட்டினிதான் விழ வச்சது. கும்மி உங்களுக்கு மருந்து."

கண்ணாயிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தது இதற்கா? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். டாக்டரும் பார்த்துவிட்டு, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று சொன்னார். மறுநாள் சாயங்காலமே கோயில் மைதானத்தில் கும்மி தொடங்கிவிட்டது. முதலில் உட்கார்ந்தபடி கைதட்டல், பிறகு ஒரு சுற்று, பிறகு இன்னொன்று. மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது என்பது ஸ்டெல்லாவின் கண்டிப்பு. நடக்கச் சொன்னபோது முட்டியைக் காட்டியவர்கள் எல்லாம் கும்மி என்றதும் ஓடி வந்தார்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு விரட்ட வேண்டியிருந்தது. மாதம் ஓட ஓடக் கண்ணாயியின் சர்க்கரை இறங்கியது, சேலைக்கட்டு தளர்ந்தது, மாடு பிடித்துக் கட்டுகிற தெம்பும் திரும்பி வந்தது. ராஜேஸ்வரியின் கையிலிருந்து குடத்தை அவள் திருப்பிப் பிடுங்கினாள்.

ஆனால் அவளுக்கு வேண்டியது நோம்பிக் கும்மி. அந்த வட்டம், அந்த முதல் பாட்டு. அதைச் சொன்னதும் நல்லுசாமி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"சாயங்காலம் சும்மா ஆடறதோட நிறுத்திக்க. நோம்பில வேண்டாம்."

"ஏனுங்க?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "ஜீப்புல உன்ற கை சில்லுன்னு ஆயிருச்சு புள்ள. ஒவ்வொரு வளைவுலயும் மூச்சு இருக்குதான்னு மூக்குல விரல வச்சுப் பாத்துட்டே போனேன். இன்னொருக்கா என்னால ஆகாது" என்றார். இத்தனை நாளும் இந்த மனுஷன் ஊர்வாய்க்குப் பயந்தே தன்னை உட்கார வைத்திருக்கிறான் என்றல்லவா கண்ணாயி நினைத்திருந்தாள்.

"அன்னிக்கு வயிறு காலிங்க. இந்தவாட்டி தின்னுபோட்டு ஆடுறேன்."

"விரதம் இல்லாம வட்டத்துக்குள்ள ஆரு உடுவா? பூசாரி சரின்னு சொன்னா நானும் சரிங்கறேன்." பூசாரி சென்றாயன் லேசில் எதற்கும் சரி சொல்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில் சொன்னார்.

நோம்பி சாட்டி நாள் குறிப்பதற்கு ஊர் கூடியது. பெண்கள் ஓரமாக நின்று கேட்பதோடு சரி. கண்ணாயி ஓரத்தில்தான் நின்றாள், ஆனால் அந்தத் தொண்டைக்கு ஓரம் ஏது, நடு ஏது. "சாமி, சுகர் மாத்திரை போடறவங்க சோறு தின்னுட்டு கும்மி ஆடலாமுங்களா?"

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. நல்லுசாமி தரையைப் பார்த்தார். சென்றாயன் தாடியைத் தடவிக்கொண்டு, "காலை மாத்திரையா, ராத்திரி மாத்திரையா?" என்று கேட்டார்.

"காலைங்க."

"எனக்கும் அதேதான்" என்றார் பூசாரி. "நோம்பி வந்தா நான் மாத்திரைய நிறுத்திப்போடுவேன். மறுநா எந்திரிக்க முடியாது. ஆத்தா இறங்குனதுல அசதின்னு எல்லாரும் நினைச்சுக்குவீங்க."

ஒருவர் தொண்டையைச் செருமி, எனக்கும்தான் என்றார். பின்னாலிருந்து இன்னொருவர். அப்புறம் பார்த்தால் பெரிய மனுஷர்களில் பாதிப் பேர் சட்டைப்பையில் மாத்திரையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். "அப்ப விரதம்னு ஒண்ணு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் முறைத்தார். "விழறதுக்கா?" என்றார் சென்றாயன். "ஆத்தாளுக்குப் படையல் முதல்ல வைப்போம். மாத்திரை போடறவங்க அந்தச் சாமைச்சோத்தத் தின்னுட்டு வட்டத்துக்கு வரட்டும். ஆத்தா சோறு தின்னா விரதம் கெடாது." பெரியவர் முனகிக்கொண்டே இருந்தார். அவர் இன்றைக்கும் முனகிக்கொண்டுதான் இருக்கிறார்.

நோம்பி அன்று கண்ணாயி கோயில் வாசலில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வயிறாரச் சாமைச்சோறு தின்றாள். நாலு பேர் மூக்கின்மேல் விரல் வைத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை. ஸ்டெல்லா பையில் குளுக்கோஸோடு நின்றாள். நல்லுசாமி தண்ணீர்ச் செம்போடு வட்டத்துக்கு வெகு அருகில் நின்றார். மற்ற ஆண்கள் கேலி செய்தும் அவர் நகரவில்லை.

கண்ணாயி எடுத்தாள்:

கொல்லிமலைக் காட்டுக்குள்ளே
கொடிமிளகு காய்க்குதடி

மேளம் சேர்ந்துகொண்டது. வட்டம் சுற்றியது. சர்க்கரைக்காரிகள், பிரஷர்காரிகள், புதுசாகக் கட்டி வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கைதட்டில் குனிந்து நிமிர்ந்தார்கள். கண்ணாயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது. இரண்டாவது பாட்டின் நடுவில் மூச்சு முட்டியது. பாட்டை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மேளம் நின்றது. யாரோ வீலென்று கத்தினார்கள். நல்லுசாமி பெண்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். செம்பிலிருந்து பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது. அவள் மூக்கருகே விரலை வைத்தார்.

கண்ணாயி அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "விழலீங்க. உக்காந்தேன். மூச்சு வாங்குச்சு, நானாத்தான் உக்காந்தேன்" என்றாள். மீதித் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். ஸ்டெல்லா நாடி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நல்லுசாமி எழுந்து போகவில்லை. கூட்டத்தின் நடுவில், பெண்கள் மத்தியில், அவரும் உட்கார்ந்தே இருந்தார். மூச்சு மெல்லச் சமனப்பட்டது.

"பாட்டு எங்க உட்டேன்?" என்று பக்கத்தில் கேட்டாள் கண்ணாயி. பயத்தில் ஒருத்திக்கும் ஞாபகம் இல்லை.

நல்லுசாமிக்குத்தான் ஞாபகம் இருந்தது. ராகமே இல்லாமல், ஊர் முழுக்கக் கேட்க அவரே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். கண்ணாயி அவர் தோளில் கையை ஊன்றி எழுந்து, அந்த அடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.