கித்தார் வாசித்த விரல்கள்

என் சித்தப்பாவின் கித்தார் எங்கள் வீட்டை விட்டுப் போனதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை. அப்பா கேட்டார், நான் சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வயதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. உடலையும் கரையையும் வேறு வேறு இழையால் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலையில், வலப்பக்கக் கரைக்கென்று குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா ஒன்று தனியாக ஓடும். அதை வீசித் தர நெய்பவருக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் சித்தப்பாவுக்கு அந்தப் பையன் நான்தான்.

அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சர்ச்சில் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் கித்தார் கற்று, அவரிடமிருந்தே ஒரு பழைய கித்தாரையும் வாங்கி வந்திருந்தார். ஊரில் கல்யாணக் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. குழுத் தலைவர் கேட்டுவிட்டு, "நல்லாதான் வாசிக்கிற. வேகமான எடம் வந்தா கை மாட்டிக்குதுபா. பங்குனி உத்திரம் முடிஞ்சி வா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

சோப்பு டப்பா மூடியை வெட்டித் தேய்த்து, தந்தியைத் தட்டும் பிக்கைத் தானே செய்துகொண்டு சித்தப்பா பயிற்சியில் இறங்கினார். முதலில் எல்லாத் தட்டும் கீழ்நோக்கித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் கை மேலே போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நண்பர் வந்து பார்த்துவிட்டு, மேலே வரும்போதும் தந்தியைத் தட்டு என்றார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா தறியில குந்திக்கினு இருக்கேன், எனக்குத் தோணலியே! நாடா அந்தாண்ட போயிட்டு சும்மாவா திரும்பி வருது?" முழங்கையை ஆட்டாமல் மணிக்கட்டை மட்டும் ஆட்ட வேண்டும், பிக்கின் நுனி மட்டும் தந்தியில் பட வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் மெதுவாக, எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக வாசித்தே அவர் பழகினார். "இன்னா சித்தப்பா, மாட்டு வண்டி ஓட்டுற?" என்று நான் கேலி செய்வேன்.

அவரை விட வேகமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அவர் வெளியே போகும்போதெல்லாம் கித்தாரை எடுத்துவிடுவேன். வேகம்தான் குறி, சுத்தமெல்லாம் எனக்கு எதற்கு? இரும்புத் தந்தியை அழுத்தி அழுத்தி என் இடக்கை விரல் நுனிகள் கொப்பளித்து, தோல் உரிந்து, காய்த்துப்போயின.

பட்டு நெய்பவர் வீட்டில் விரல் காய்ப்பது சின்ன விஷயம் இல்லை. சொரசொரப்பான விரல் பட்டால் பட்டிழை கிளம்பிப் பிசிறு தட்டும். கடைக்காரர் சேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். சித்தப்பாவுக்கு இது தெரியும். தறியில் அவர் இடக்கை விரல் நுனியை நூலில் படவே விடமாட்டார். அறுந்த இழையைச் சேர்ப்பதுகூட வலக்கையால்தான். எனக்கும் தெரியும். ஆனால் நான் கவனமாக இல்லை.

ஒரு நாள் சித்தப்பாவின் தறியில் கரையோரம் பிசிறு இருப்பதை அப்பா பார்த்துவிட்டார். எங்கள் இருவர் கையும் படுகிற இடம் அது.

"யார் கைடா இது?"

நான் என் இடக்கையை மூடிக்கொண்டேன். "சித்தப்பா கைதான்பா. கித்தார் வாசிச்சி வாசிச்சி காய்ச்சிப் போயிருக்குது."

அப்பா ஒரு பட்டுத் துண்டை எடுத்து சித்தப்பாவின் இடக்கை விரல்களில் தேய்த்தார். இழை மாட்டிக்கொண்டது. மாட்டாமல் இருக்குமா?

"இந்தக் கையால நான் நூலத் தொடறதே இல்லண்ணா."

"கண்ணெதிர்ல மாட்டிக்கினு நிக்குது, இன்னும் பொய் சொல்றியா?"

என் கையை யாரும் பார்க்கவில்லை. அன்று மாலையே கித்தாரை அதன் பழைய சொந்தக்காரரிடம் அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பங்குனி உத்திரம் வந்தது, போனது. சித்தப்பா குழுத் தலைவரைப் பார்க்கப் போகவில்லை.

நான் படித்து, கல்லூரி ஆசிரியராகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சென்ற ஆண்டு சென்னையிலிருந்து ஒரு நல்ல கித்தார் வாங்கிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மகளோடு இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து விட்டுவிடுவார் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உன் கையாடா அது?" என்றார். பிறகு என் இடக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "கித்தாரு போனா போவட்டும். கூடப் பொறந்தவன் பொய் சொல்லிட்டான்னு நெனச்சிக்கினே போய்ச் சேந்துட்டாரேடா எங்கண்ணன். அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

கித்தாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மகள் போன் செய்தாள். "அண்ணா, அப்பா உங்களக் கூப்பிடுறாரு. வந்து சேருங்க, காலையிலேருந்து ஒரே சத்தம்."

போனேன். மடியில் கித்தார். பக்கத்தில் பேத்தியின் கைபேசியில் தாளம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "இத கொஞ்சம் கொறைச்சி வையி. ஓடுது" என்றார். தாளத்தின் வேகத்தைக் குறைத்தேன். இடக்கை தந்தியை அழுத்தத் தடுமாறியது. விரல் நுனிகள் சிவந்திருந்தன. ஆனால் வலக்கை அப்படி இல்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று, மணிக்கட்டு மட்டும் அசைய, எல்லாத் தட்டுகளும் ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தன.

"இது மட்டும் எப்பிடி சித்தப்பா?"

"உங்கப்பா கித்தாரத்தான எடுத்துக்கினு போனாரு? கையயா எடுத்துக்கினு போனாரு?" என்று சொல்லிவிட்டு, எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடங்கினார்.

கித்தார் போன அந்த வருடம், சாப்பிட உட்கார்ந்தால், சோறு வரும்வரை சித்தப்பாவின் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து தொடைமேல் துடித்துக்கொண்டே இருக்கும். எனக்குப் பயமாக இருக்கும். என்மேல் உள்ள கோபத்தில்தான் கை நடுங்குகிறது என்று எண்ணி, தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் அங்கே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.