ராசாத்தி அக்காவின் வெள்ளை வளையம்

கையில் வாங்கும்போது ரத்த ட்யூப் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்...

இருபது வருஷத்துக்கு முந்தி, உத்தமபாளையத்தில் இரண்டு ரூமை வாடகைக்கு எடுத்து நடத்திய லேப். நான் அங்கே டெக்னீஷியன். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கு நோயை எதிர்க்கும் செல்கள் குறைகிறதா என்று பார்க்கும் ப்ராஜெக்ட்.

ரத்தத்தில் சலைன் கலந்து, ட்யூபைச் சாய்த்துப் பிடித்து, செல்லைப் பிரிக்கிற திரவத்தின் மேல் மெதுவாக விட வேண்டும். அரை மணி நேரம் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்றினால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் நூல் மாதிரி ஒரு வெள்ளை வளையம். அதில்தான் நமக்கு வேண்டிய செல்கள்.

சுற்றி முடிந்ததும் பிரேக் மட்டும் போடக் கூடாது; போட்டால் வளையம் கலங்கிவிடும். மெஷின் தானாக ஓய்ந்து நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம்தான் ப்ராஜெக்டை நடத்திய எங்கள் டாக்டர் சாருக்குப் பொறுக்காது.

ராசாத்தி அக்காவுக்கு அனுமந்தன்பட்டி. மருந்தடிக்கிறவர் பின்னாலேயே பந்தலுக்கடியில் ஓஸ் குழாயை இழுக்கிற வேலை. எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்தார்.

"மருந்துல நனைஞ்சுக்கிட்டேதான் பிள்ளைக்குப் பால் குடுக்கேன். என் ரத்தம் நல்லா இருக்கானு மட்டும் பாத்துச் சொல்லுத்தா."

அன்றைக்கு சாருக்கு மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மெஷின் வேகம் குறைந்துகொண்டிருக்கும்போதே பிரேக் பட்டனை அமுக்கினார். திறந்து பார்த்தால் வளையத்தைக் காணோம். எல்லாம் கலங்கி, ரோஸ் கலரில்...

"சார், பிரேக்..." என்று இழுத்தேன்.

"இவங்க ரத்தமே இப்படித்தான்மா. சத்தே கிடையாது. லோ செல்ஸ்னு எழுதி ரிஜெக்ட் பண்ணிடு."

எழுதினேன். இதே கையால்தான் எழுதினேன்.

அதோடு விட்டாரா மனுஷன்? வெளியே பெஞ்சில் இருந்த அக்காவிடம், "உன் ரத்தத்துல செல்லே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் உள்ளே அடுத்த ட்யூபை எடுத்தேன்.

நாலு நாள் கழித்து, வேறு சிலரிடம் ரத்தம் எடுக்க அனுமந்தன்பட்டி போனேன். அக்கா வீட்டில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. அவர் கையில் பால் பாட்டில்.

"ரத்தந்தானத்தா பாலாகுது. நோயை எதுக்குற செல்லே இல்லேனு பெரிய டாக்டர் சொல்லிட்டாக. அதைப் போயி எப்பிடிப் பிள்ளைக்குக் குடுக்க? அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

பால் கட்டி, சேலை முன்பக்கமெல்லாம் ஈரம்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாதி சார் மேல். பாதி என் மேல்.

"தப்பு உங்க ரத்தத்துல இல்லக்கா. நாங்கதான் மெஷினை அவசரமா நிப்பாட்டிட்டோம்."

நம்பவில்லை. டாக்டர் சொன்னதை ஒரு டெக்னீஷியன் மறுத்தால் யார்தான் நம்புவார்கள்?

"அப்ப என் கண்ணுல காட்டு."

பிள்ளையோடு பஸ்ஸில் கூட்டிவந்து புதிதாக ரத்தம் எடுத்தேன். சார் எட்டிப் பார்த்தார். "ரிஜெக்ட் ஆன ஆளுக்கு எதுக்கும்மா மறுபடியும்?"

"எனக்குப் பாக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, பிரேக் பட்டனை மறைத்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஓய்கிற வரைக்கும் நகரவில்லை.

ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளை வளையம்.

"இதா... இம்புட்டுத்தானா?"

"எல்லாருக்கும் இம்புட்டுத்தான்க்கா."

வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டார். அது இரண்டு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவது தடவை குடித்தது.

மருந்து உடம்பை என்ன செய்கிறது என்ற அவருடைய கேள்விக்கு அந்த வளையம் பதில் இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். ரிப்போர்ட் வந்ததும் தெரியும் என்று நம்பினோம். ரிப்போர்ட் வந்தது. ஊருக்குள் ஒருத்தரும் வந்து சொல்லவில்லை. புதிதாக எடுத்த ரத்தத்தை சார் கணக்கில் சேர்க்கவில்லை; அக்கா அதில் 'நிராகரிக்கப்பட்ட மாதிரி'யாகவே இருந்தார்.

இன்றைக்கு நான் இருப்பது பெரிய லேப். ஏசி, கம்ப்யூட்டர், பிரேக்கைத் தானே ஆஃப் செய்துகொள்ளும் மெஷின். ஆனால் ரெஜிஸ்டரில் 'நிராகரிக்கக் காரணம்' என்ற கட்டத்தில் அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும்: ரத்தம் உறைந்தது, செல் குறைவு... நம் கை செய்த தப்புக்கு அதில் இடமே இல்லை. ஸ்கேல் வைத்து நானே ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் அதில் என் பெயரையே எழுத வேண்டி வந்தது. உடனே ரத்தம் கொடுத்த அம்மாவுக்கு போன் போட்டேன். "தப்பு எங்க மேலம்மா, உங்க ரத்தத்துல இல்ல. இன்னொரு தடவை வர முடியுமா?"

சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.